திருமணிமுத்தாறும் நம் வீட்டுக் கழிவுநீரும்

சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு, சேலம் நகருக்குள் நுழைந்ததும் நம் வீட்டுக் கழிவுநீரைச் சுமக்கும் சாக்கடையாகிவிடுவது எனக்குத் தீராத வருத்தம். இத்தனைக்கும் அந்நீரை மீட்கும் வழி புதிதன்று. 1914இலேயே இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற வேதியியலாளர்கள் இருவரும் அதை விளக்கிவிட்டார்கள்.

கழிவுநீரில் இருக்கும் நுண்ணுயிரிகளுக்கே காற்றூட்டி வளர்த்தால், அவை மலத்திலும் சமையலறை நீரிலும் உள்ள கரிமப் பொருளைத் தின்று, பழுப்பு நிறத் திரள்களாகச் சேர்ந்து அடியில் படிகின்றன. காற்றூட்டும் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் நீரைக் கண்ணாடிக் குடுவையில் முகந்து 30 நிமிடம் அசையாமல் வைத்தால், கலங்கல் கீழிறங்கி மேலே தெளிந்த நீர் நிற்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சுத்திகரிப்பு நிலையம் ஒழுங்காக இயங்குகிறதா என்று ஊழியர்கள் கணிப்பதும் இப்படித்தான். தெளிந்துவிட்டதால் மட்டும் அது தூய நீராகிவிடாது, கிருமிநீக்கம் கட்டாயம் வேண்டும். படிந்த சேற்றில் ஒரு பகுதி தொட்டிக்கே திரும்புகிறது. மீதியைக் காற்றுப்புகாத கலனில் செரிக்க விட்டால் மீத்தேன் கிடைக்கும்.

சென்னையில் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் 2019இல், நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர், ஏற்கெனவே சுத்திகரித்த கழிவுநீரை மேலும் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் நிலையங்கள் வந்துவிட்டன. குடிநீருக்கு மேட்டூரை நம்பியிருக்கும் சேலத்தில், சாயப்பட்டறைகளுக்கும் கட்டட வேலைகளுக்கும் இத்தகைய நீரையே முதலில் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.