டெப்ரிஸ் இல்லை, டெப்ரி

ப்ளஸ் ஒன் படிக்கும்போது 'தினம் பத்து இங்கிலீஷ் வார்த்தை' என்று வரும் யூடியூப் வீடியோக்களை ஒன்று விடாமல் பார்ப்பேன். மறுநாள் காலை பஸ் வருவதற்குள் பத்தும் போயிருக்கும். வார்த்தை, அர்த்தம், ஒரு உதாரணம், உடனே அடுத்த வார்த்தை. எதைப் பிடித்துக்கொண்டு ஞாபகம் வைப்பது?

கொஞ்சமாவது ஒட்ட ஆரம்பித்தது கஜாவுக்கு அப்புறம்தான். 2018 நவம்பர் 16 விடிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே புயல் கரையைக் கடந்தது. நாங்கள் திருத்துறைப்பூண்டிப் பக்கம். விடிந்து கதவைத் திறந்தால் கொல்லையில் பாதித் தென்னைகள் படுத்துக் கிடந்தன. கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. ஜெனரேட்டர் ஓடும் இடத்தில் வரிசையில் நின்று அப்பா போனுக்கு சார்ஜ் ஏற்றி, டவர் கிடைத்த கொஞ்ச நேரத்தில், நம் ஊரைப் பற்றி வெளியே என்னதான் சொல்கிறார்கள் என்று தேடினால், வந்ததில் முக்கால்வாசி இங்கிலீஷ் செய்தி வீடியோக்கள்.

எல்லாவற்றிலும் 'லேண்ட்ஃபால்' என்றார்கள். மரமெல்லாம் தரையில் விழுந்து கிடப்பதைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன் (விழுந்த மரத்தைக் காட்டிக்கொண்டே சொன்னால் வேறு என்ன நினைப்பது!). இன்னொரு வீடியோவில் மேப்பில் கடற்கரையைக் காட்டி நேரத்தையும் சொன்ன பிறகுதான், அட, கரையைக் கடக்கிறதைச் சொல்கிறார்கள் என்று புரிந்தது. 'அப்ரூட்டட்' என்ற வார்த்தைக்கு டிக்‌ஷனரியே தேவைப்படவில்லை, கொல்லைப்பக்கம் எட்டிப் பார்த்தால் போதும்.

ரொம்பப் படுத்தியது 'டெப்ரி'. காதில் தெளிவாக விழுகிறது, டிக்‌ஷனரியில் மட்டும் இல்லை. கடைசியில் ஒய் போட்டுத் தேடினேன், இரண்டு ஈ போட்டுத் தேடினேன். அப்புறம் கேப்ஷனை ஆன் பண்ணி, வேகத்தை 0.75-க்கு இறக்கி, அதே நாலு விநாடியை ஏழெட்டுத் தடவை ஓட்டினேன். பார்த்தால் வார்த்தையின் கடைசியில் ஒரு எஸ் சும்மா நிற்கிறது! அது நான் எப்போதோ 'டெப்ரிஸ்' என்று படித்து வைத்திருந்த வார்த்தை. கண்ணுக்குத் தெரிந்ததும் காதுக்குத் தெரிந்ததும் ஒரே ஆள்தான் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்காகத் தானாக வரும் கேப்ஷனை முழுசாக நம்பிவிடாதீர்கள், நம் ஊர்ப் பெயர்களை அது கண்டபடி எழுதும்.

இன்னொன்று, வார்த்தையை மட்டும் எழுதினால் பிரயோஜனம் இல்லை. 'டெப்ரி' என்றால் இடிபாடு, குப்பைகூளம் என்று எழுதி வைத்தால் அதோடு எந்த வினையைச் சேர்ப்பது என்று தெரியாது. 'கிளியரிங் தி டெப்ரி' என்று அவர்கள் சொன்னபடியே எழுதினேன், இன்றைக்கும் நினைவில் இருக்கிறது. ஒரு வீடியோவுக்கு மூன்று வார்த்தை தாண்டினால் எனக்கு ஓடாது. வீடியோவும் எனக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும்.

தங்கச்சி இப்போது பத்தாவது. போன வாரம் கல்லணை பற்றி ஒரு இங்கிலீஷ் வீடியோவைப் போட்டுவிட்டு, புரியாத வார்த்தையை எழுது என்று உட்கார வைத்தேன். பாதியில் நிறுத்திவிட்டு வந்தாள்.

"அண்ணே, கிராண்ட் அனிகட்டுங்கிறான். அனிகட்னா என்னண்ணே?"

"மெதுவாச் சொல்லிப் பாரு."

"அனி...கட். அணை... அடச்சீ, நம்ம அணைக்கட்டா! இதையுமா நான் நோட்ல எழுதணும்?"


எழுதச் சொன்னேன். முறைத்துக்கொண்டே எழுதினாள்.