அஸ்னவூரும் அவருடைய ‘நான்’களும்

22 மே 2024, புதன்

இன்று பிரெஞ்சுப் பாடகர் சார்ல் அஸ்னவூர் பிறந்து நூறு வருடம். காலையிலிருந்து வானொலியில் அவர்தான். வெங்காயம் நறுக்கும்போது ‘லா போஎம்’, பாத்திரம் கழுவும்போது மறுபடியும் ‘லா போஎம்’. ஆயிரத்துக்கும் மேல் பாட்டு எழுதியவர் என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டு, அதே நான்கைந்தைத்தான் சுற்றிச் சுற்றிப் போடுகிறார்கள். அந்த எரிச்சலில்தான் இதைத் தொடங்குகிறேன். கொஞ்ச நாளைக்கு அவரைக் கேட்பது, தோன்றுவதை இங்கே எழுதுவது.

முதலில் ஆள் யார் என்று சொல்லிவிடுகிறேன். இயற்பெயர் ஷானூர் வாகினாக் அஸ்னவூரியான். பெற்றோர் ஆர்மீனியர்கள்; அமெரிக்கா போக விசாவுக்காகப் பாரிசில் காத்திருந்தபோது பிறந்த பிள்ளை. விசா வரவில்லை, குடும்பம் இங்கேயே தங்கிவிட்டது. அப்பா மிஷா நல்ல பாடகர். ரூ த லா யூஷெத் தெருவில் ‘ல கொகாஸ்’ என்று ஓர் உணவகம் நடத்தினார். காசில்லாமல் வந்தவர்களுக்கெல்லாம் சாப்பாடு போட்டார். கடை நொடித்துப் போனது. இன்று அந்தத் தெருவில் வரிசையாகக் கிரேக்கச் சாப்பாட்டுக் கடைகள். வாசலில் ஆள் நிறுத்திச் சுற்றுலாப் பயணிகளைக் கூவி அழைக்கிறார்கள். இலவசச் சாப்பாட்டை அங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

25 மே, சனி

ஐம்பதுகளின் ஆரம்பத்துப் பதிவுகளைக் கேட்டேன். குரலில் ஒரு தூசு படிந்த மாதிரி இருக்கிறது. மேலே போகும்போது கரகரக்கிறது. நமக்கு இப்போது அது பிடித்திருக்கிறது, ஏனென்றால் பழகிவிட்டது. அன்றைய விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். தன்னுடைய குறைகளை அவரே உட்கார்ந்து பட்டியல் போட்டார்: குரல், உயரம், கை அசைவு, படிப்பில்லாமை, ஒளிவுமறைவில்லாத பேச்சு, தனித்தன்மை இல்லாதது. உயரம் ஐந்தேகால் அடிதான். இந்தப் பட்டியலில் எதையும் மாற்ற முடியாது என்று தெரிந்தபின் அதையே வைத்துக்கொண்டு வேலை செய்ய ஆரம்பித்தார்.

அதற்கு முன்னால் நீண்ட காத்திருப்பு. பியேர் ரோஷ் என்ற பியானோக்காரரோடு இரட்டையராகப் பாடினார். ரோஷ் மெட்டு, இவர் வரி. பெயர்பெற்ற பாடகி எடித் பியாஃப் இவர்களைக் கவனித்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டார். மொன்றியலில் இரவு விடுதிகளில் இருவரும் பாடிப் பெயர் வாங்கினார்கள். அப்புறம் ரோஷ் கனடாவில் தங்கிவிட, இவர் தனியாகத் திரும்பினார். பியாஃப் வீட்டில் பாட்டு எழுதுவது, கார் ஓட்டுவது, மேடை விளக்கைப் பார்ப்பது என்று எல்லா வேலையும் செய்தார். மூக்கைத் திருத்திக்கொள்ளச் சொன்னதும் பியாஃப்தான். ஆபரேஷன் முடிந்து வந்த முகத்தைப் பார்த்துவிட்டு, முன்னால் இருந்ததே தேவலை என்றாராம்.

அவர் எழுதி பியாஃப் வேண்டாம் என்ற ஒரு பாட்டைப் பாடகி ஜூலியட் கிரேகோ 1951-ல் பாடினார். ஞாயிற்றுக்கிழமைகளை வெறுக்கிறேன் என்று சொல்லும் பாட்டு. பெரிய வெற்றி. ஆக, மற்றவர் வாயில் இவர் வரிகள் நன்றாகவே போயின. இவர் வாயில் வந்தபோதுதான் ஜனங்களுக்கு இறங்கவில்லை.

26 மே, ஞாயிறு

1960 டிசம்பர், பாரிசின் அல்ஹம்ப்ரா அரங்கம். அஸ்னவூருக்கு 36 வயது. இந்த ஒரு இரவைப் பற்றி மட்டும் தனியாக எழுதலாம்.

‘ழு ம வ்வாயே தேழா’ என்ற பாட்டு. பதினெட்டு வயதில் ஊரைவிட்டு பாரிசுக்கு வந்த ஒருவன், சுவரொட்டியில் தன் பெயர் மற்றவர்களுடையதைவிடப் பெரிதாக இருப்பதை அப்போதே கண்ணால் பார்த்துவிட்டான். காலம் போய்விட்டது, தலை நரைத்துவிட்டது, இன்னும் மட்டமான இடங்களில்தான் பாடிக்கொண்டிருக்கிறான். தப்பு தன்மேல் இல்லையாம், ஜனங்களுக்குத்தான் புரியவில்லையாம். இதை முதலில் பாடகர் இவ் மோந்தானிடம் கொடுத்தார். மேடைத் தொழிலைப் பற்றிய பாட்டுகள் எடுபடாது என்று மோந்தான் மறுத்துவிட்டார்.

சரி, நாமே பாடுவோம் என்று இறங்கினார். அன்று இரவு முன்பாதிப் பாட்டுகளுக்கு அரங்கம் சில்லென்று இருந்தது. கடைசியில் இந்தப் பாட்டு. விளக்குகள் பார்வையாளர்களின் கண்ணில் அடிக்க, அவர் முதுகைக் காட்டி நின்றார். அதாவது நாம் மேடைக்குப் பின்னாலிருந்து ஒரு தோற்ற பாடகனைப் பார்க்கிறோம். அவன் வணங்குவது இல்லாத ஒரு கூட்டத்தை. திரை விழுந்ததும் எல்லாம் போச்சு என்றுதான் நினைத்தாராம். திறந்தால் அரங்கமே எழுந்து நின்று தட்டுகிறது.

எனக்கு இதில் பிடிபட்டது என்னவென்றால், விமர்சகர்கள் அவரைப் பற்றி எழுதியதையெல்லாம் அவர் ஒரு கற்பனை ஆள்மேல் ஏற்றிவிட்டார். கேட்பவர்களுக்கு அது அஸ்னவூரின் சொந்தக் கதை மாதிரி இருக்கிறது, ஆனால் இல்லை. ஒன்பது வயதிலேயே நாடகத்துக்கு வந்தவர் அவர். பாட்டு என்பது அவருக்கு மூன்று நிமிட நாடகம், ‘நான்’ என்பது ஒரு வேடம். ‘லா போஎம்’ (1965) கூட அப்படித்தான். வரி ழாக் பிளாந்துடையது, மெட்டு இவருடையது. பாரிசின் மோன்மார்த் பகுதியில் பட்டினி கிடந்த ஓவியன் பேசுகிறான். மேடையில் ஒரு வெள்ளைக் கைக்குட்டை தூரிகை துடைக்கும் துணியாகிவிடும். கடைசியில் அதைக் கீழே போடுவார், ரசிகர்கள் பாய்ந்து பொறுக்குவார்கள்.

29 மே, புதன்

வேலையிடத்தில் பேச்சுவாக்கில் அஸ்னவூர் கேட்கிறேன் என்றேன். இருபத்தைந்து வயதுப் பையன் ஒருவன், “ஓ, கிறிஸ்துமஸ் சாப்பாடு முடிந்தபின் பாட்டி போடுவாங்களே, அதுவா?” என்றான். அவன் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. ‘ஷீ’ (1974) மாதிரிச் சர்க்கரைப் பாகை எனக்கும் முழுசாக விழுங்க முடியவில்லை. ஒரு பிரித்தானியத் தொலைக்காட்சித் தொடருக்காகச் செய்த அந்தப் பாட்டு அங்கே நான்கு வாரம் முதலிடத்தில் இருந்தது. பிரான்சில் அவ்வளவாக ஓடவில்லை. இந்த விஷயத்தில் நான் பிரெஞ்சுக்காரர் பக்கம்.

1 ஜூன், சனி

அந்தப் பையனுக்கு ‘கோம் இல் தீஸ்’ போட்டுக் காட்ட வேண்டும்.

1972. அம்மாவோடு ஒரு பழைய வீட்டில் வாழும் ஆண். ஓர் ஆமை, இரண்டு கேனரிக் குருவிகள், ஒரு பூனை. அம்மாவை ஓய்வெடுக்கச் சொல்லிச் சமையல், துணி துவைப்பது, தையல் எல்லாம் தானே பார்க்கிறான். இரவில் பெண் வேடமிட்டு ஆடை களையும் ஆட்டம். அவன் தன்னை ஒரு ஆணை விரும்பும் ஆண் என்று நேராகச் சொல்லும் பாட்டு. சிரிக்க வைக்கிற பாட்டு இல்லை, பாவம் என்று தலை தடவுகிற பாட்டும் இல்லை. அவன் ஒருவனை விரும்புகிறான், அவனோ பெண்களோடு இருக்கிறான். சொல்லவே முடியாது. ஆமையையும் குருவியையும் முதலிலேயே எண்ணிச் சொல்லிவிட்டதால் அவன் அக்கம்பக்கத்து ஆள் ஆகிவிடுகிறான். பிறகு அவனைத் தள்ளிவைக்க முடிவதில்லை.

பிரான்சின் நாடாளுமன்றம் 1960-ல் ஓரினச்சேர்க்கையைச் ‘சமூகக் கேடு’களின் பட்டியலில் சேர்த்தது. சட்டத்தில் பாகுபாடு நீங்க 1982 வரை ஆனது. இடையில் இந்தப் பாட்டு. வேண்டாம் என்று சுற்றியிருந்தவர்கள் சொன்னார்கள். திருமணமாகிப் பிள்ளை குட்டியோடு இருந்த, பெண்களின் காதல் பாடகர் என்று பெயர் வாங்கிய மனிதர் ‘அவன்’ என்று எழுதி ஒதுங்கியிருக்கலாம். ‘நான்’ என்றுதான் பாடினார்.

2 ஜூன், ஞாயிறு

பாரிசின் ஒன்பதாம் வட்டாரத்தில் ரூ த நவாரின் தெரு வரை நடந்தேன். ஜெர்மன் ஆக்கிரமிப்புக் காலத்தில் அஸ்னவூரியான்கள் 22-ஆம் எண்ணில் குடியிருந்தார்கள். சிறிய வீடு. அதில் யூதர்களையும், ஜெர்மன் படையிலிருந்து ஓடிவந்த ஆர்மீனியர்களையும் ஒளித்துவைத்தார்கள். அவர்கள் கழற்றிய சீருடைகளை ராத்திரியில் கொண்டுபோய்த் தொலைப்பது பிள்ளைகள் சார்லும் அக்கா ஐதாவும். எதிர்ப்பியக்கத் தலைவர் மிசாக் மனூஷியான் குடும்ப நண்பர். சார்லுக்குச் சதுரங்கம் சொல்லிக்கொடுத்தவர். அவர் பிடிபட்டபின் மனைவி மெலினேயை மறைத்துவைத்ததும் இந்தக் குடும்பம்தான். மனூஷியானை 1944 பிப்ரவரி 21-ல் சுட்டுக் கொன்றார்கள். சரியாக எண்பது வருடம் கழித்து, இந்தப் பிப்ரவரியில், அவரையும் மெலினேயையும் நாட்டின் பெருமக்களை அடக்கம் செய்யும் பாந்தியோனுக்குக் கொண்டுபோனார்கள்.

பாட்டுக்கு இதைவிட நல்ல சரக்கு யாருக்குக் கிடைக்கும்? அஸ்னவூர் இதை வைத்து ஒரு வீரக் கதைப் பாட்டு செய்து நாடெங்கும் பாடிக்கொண்டு திரியவில்லை. பேட்டிகளில் கேட்டால் சொல்வார், அவ்வளவுதான்.

8 ஜூன், சனி

‘இல் சோன் தோம்பே’, 1975. ஆர்மீனிய இனப்படுகொலைக்கு அறுபது வருடம் ஆன ஆண்டு. மெட்டு அக்கா கணவர் ஜார்ஜ் கார்வாரென்ட்ஸுடையது. தலைப்பே ‘அவர்கள் விழுந்தார்கள்’ என்றுதான். நீண்ட நேரம் ‘அவர்கள்’, ‘அவர்கள்’ என்றே போகிறது: ஆண்கள், பெண்கள், வாழ மட்டும் ஆசைப்பட்ட குழந்தைகள். பிறகு கல்லறைகூட இல்லாமல் உறங்கும் அந்த இனத்தில் ஒருவன் நான் என்று ஓர் இடத்தில் வருகிறது. பாடகன், ஓவியன், ஆட்டக்காரன் என்று எத்தனையோ வேடத்தில் ‘நான்’ சொன்னவர். இங்கே வேடம் கிடையாது. குரலைக்கூட உயர்த்தவில்லை.

1988 டிசம்பர் 7-ல் ஆர்மீனியாவில் நிலநடுக்கம். உடனே ஓர் அமைப்பு தொடங்கினார், பிரான்சின் பாடகர்கள் பலரைக் கூட்டி ஒரு பாட்டுப் பதிவுசெய்து பணம் சேர்த்தார். அங்கே கும்ரி நகரில் அவருக்குச் சிலை, தலைநகர் யெரெவானில் அவர் பெயரில் சதுக்கம். 2009-ல் ஆர்மீனியாவின் ஸ்விட்சர்லாந்துத் தூதராகவே ஆனார். 85 வயதில்!

கடைசிக் கச்சேரி 2018 செப்டம்பரில், ஒசாகாவில். அக்டோபர் 1-ல் தென்பிரான்சில் மூரியே கிராமத்து வீட்டில் இறந்தார். 94. வயதான காலத்தில் மேடையில் வரிகள் ஓடும் திரை வைத்துக்கொண்டார், அதைக் கூட்டத்திடமே சொல்லிவிடுவார்.

வரும் அக்டோபரில் அவரைப் பற்றிய படம் வருகிறது. தாஹர் ரஹீம் நடிக்கிறார். மூக்குக்கு ஒப்பனை போட்டுவிடலாம், அல்ஹம்ப்ராவில் அந்த முதுகை எப்படி நடிப்பார் என்றுதான் பார்க்க வேண்டும். அந்தப் பையனையும் கூப்பிட்டிருக்கிறேன். பாட்டியையும் அழைத்து வரலாமா என்று கேட்டான். தாராளமாக என்றேன்.