ரதி கண்ணுக்கு மட்டும்

போன மாசியில் என் பேரன் சேலை கட்டி, ரதி வேஷத்தில் மேடையேறி, “எந்திரிங்க மாமா, பேரட்டுக்கு நேரமாச்சு. தேத்தண்ணி இஸ்தோப்புல இருக்கு” என்றான். கூட்டம் மொத்தமும் சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது. அதில் சிரிக்க என்ன இருக்கிறது? விடிவதற்கு முன்னால் என் அம்மா தினமும் அப்பாவிடம் சொன்ன பேச்சு அது. பேரட்டு என்றால் தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிடுவது, இஸ்தோப்பு என்றால் வீட்டு முன் தாழ்வாரம். அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான்.

கோத்தகிரிப் பக்கம் எங்கள் லைன் வீடுகளில் பிள்ளைகள் பதினாலு பேர் சேர்ந்து ஒரு நாடகக் குழு வைத்திருக்கிறார்கள். பாதி பேர் காலேஜ், பாதி பேர் கோயம்புத்தூரில் வேலை. சிவன் மன்மதனை எரித்த கதையான காமன் கூத்தை முழுக்கப் பாட்டாக, காமெடியாகப் போடுகிறோம் என்று கிளம்பினார்கள். “காமனோட விளையாடாதீங்க” என்று பெரிசுகள் சத்தம் போட்டார்கள். கோமாளி இல்லாத காமன் கூத்தை அவர்கள் எங்கே பார்த்தார்களோ! நான் பிள்ளைகள் பக்கம் நின்றேன். அதனால் பேச்சுப் பழக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

எனக்கு இது பழகின ஊர். 1977-ல் பன்னிரண்டு வயசில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவள். 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் எங்கள் தலைவிதிக்குக் கையெழுத்துப் போட்டபோது அம்மா வயிற்றில் இருந்தேன். இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளி ஆட்களில் இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்று பங்கு பிரித்தார்கள். அந்த ஆட்களோடு அவர்களுடைய ‘இயற்கைப் பெருக்கமும்’ சேரும் என்று ஒரு வரி. அந்தப் பெருக்கம் நான்தான். தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் வெயிலில் வெந்து, அப்புறம் இந்தக் குளிருக்கு வந்து சேர்ந்தோம். வந்த அன்று தேயிலைத் தொழிற்சாலை வாசம் மூக்கில் ஏறியதும் அப்பா, “அட்டனுக்கே திருப்பி அனுப்பிட்டானுங்களா?” என்றார். அட்டன், நாங்கள் விட்டு வந்த இலங்கை மலைப்பக்கத்து ஊர்.

வாசம்தான் ஒன்று. பேச்சு வேறு. நாங்கள் கொழுந்து என்றால் இங்கே இலை. பேரட்டு என்றால் மஸ்டர். முதல் வாரம் அம்மா என்னைக் கடைக்கு அனுப்பினாள். “ஒரு றாத்தல் பாண் குடுங்க” என்றேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, எதிரே இருந்த பீடாக் கடையைக் கைகாட்டினார். அங்கே போய்க் கேட்டேன். வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தவர், “எத்தனை ஸ்வீட், எத்தனை சாதா?” என்றார். டீ குடித்துக்கொண்டிருந்தவர்களுக்குப் புரை ஏறியது. ரொட்டி வாங்காமலே வீட்டுக்கு ஓடினேன்.

கொடுமை என்னவென்றால், அதே டீக்கடையில் இலங்கை வானொலி பாடிக்கொண்டிருந்தது. அறிவிப்பாளர் வாயைத் திறந்தால், “என்ன தமிழ்யா!” என்று தலையாட்டுவார்கள். பெட்டிக்குள்ளிருந்து வந்தால் அழகு, என் வாயிலிருந்து வந்தால் சிரிப்பு. வானொலித் தமிழும் எங்கள் மலைநாட்டுத் தமிழும் ஒன்றில்லைதான். ஆனாலும் கடல் தாண்டி வந்தது இரண்டும்தானே? இதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மற்றதையெல்லாம் மறந்தாகிவிட்டது. மாரியம்மன் கோயில் மணியை, அத்தையின் மாசிக்கருவாட்டுச் சம்பலை, மழைநாளில் லயத்துக் கூரைத் தகரம் போடும் சத்தத்தை… சரி, விடுங்கள்.

பிள்ளைகளின் கதையில் மன்மதன் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிற, அதாவது தேயிலைச் செடியைக் கத்தரிக்கிற ஆள். மீசை ஒட்டிக்கொண்டு மன்மதனாக நடித்தது ஒரு பெண். சிவன் எரிக்கிறார், ரதி அழுகிறாள், வரம் கிடைக்கிறது. உயிரோடு வருவான், ஆனால் ரதி கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான். இதுவரை நம் கதை. அங்கிருந்து பிள்ளைகள் அவனைக் கப்பலேற்றிவிட்டார்கள். தப்பு அடித்தபடி,

“மன்னாருல ஏறுனேன், மண்டபத்துல எறங்குனேன்,
மன்மதன்னு சொன்னாக்க ‘சான்று எங்கே’ங்குறான்!”

என்று ஆடினார்கள். மேசைக்குப் பின்னால் ஓர் அதிகாரி. அவருக்கு முன்னால் காலி நாற்காலியைக் காட்டி ரதி கெஞ்சுகிறாள். “என் கண்ணுக்குத் தெரியுதுங்கய்யா!”

“அரசாங்கத்துக் கண்ணுக்குத் தெரியணும்மா.”

கூட்டம் உருண்டது. முன்வரிசையில் என் பக்கத்தில் முண்டு போர்த்தி உட்கார்ந்திருந்த படுகப் பாட்டி கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். தம்பிக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டு அப்பா அலைந்தது இப்படித்தான். இங்கே ஓர் அலுவலகத்தில், “உங்க பூர்வீகத்துல போய் வாங்குங்க” என்றார்கள். பூர்வீகம் முசிறிப் பக்கம், தாத்தாவின் அப்பா விட்டுப் போன ஊர். அங்கே போனால், “நீங்க யாரு?” என்றார்கள். மூன்றாம் முறை திரும்பி வந்த அன்று அப்பா செருப்பைக் கழற்றி, தேய்ந்த குதியைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் படுத்தார். பிள்ளைகளுக்கு இதை நான் சொன்னதில்லை. யார் சொன்னார்களோ.

கூத்து முடிந்து முகத்து அரிதாரத்தோடே பேரன் ஓடிவந்தான். “அம்மாச்சி, பேரட்டுன்னு சரியாச் சொன்னேனா?”

“இஸ்தோப்புதான் கொஞ்சம் இழுத்துட்ட.”

டார்ச் அடித்துக்கொண்டு மேட்டில் ஏறினோம். பனி இறங்கியிருந்தது. எதிர் மலையில் அடியிலிருந்து உச்சிவரை வரிசையாக விளக்குகள். கால் தானாக நின்றுவிட்டது. மாசி மாசம். இலங்கையில் சிவனொளிபாதமலைக்கு ஆட்கள் ஏறிக் கும்பிடுகிற காலம். மஸ்கெலியாவில் சித்தி வீட்டு வாசலில் நின்றால் படிக்கட்டு விளக்கு இப்படித்தான் வானத்துக்குள் போகும். என்னையறியாமல் கையெடுத்தேன்.

“யாரைக் கும்பிடுறீங்க?” என்றான் ரதி. “அது புதுசா கட்டுன ரிசார்ட்டு.”