பால் பல் சொத்தையும் பறிபோகும் உறக்கமும்

“விழப்போகிற பல்தானே” என்று பால் பல் சொத்தையைத் தள்ளிப்போடும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. ஆனால் கடைவாய்ப் பால் பற்கள் 10 முதல் 12 வயது வரை வாயில் இருக்க வேண்டியவை. நான்கு வயதில் அவை சொத்தையானால் அத்தனை ஆண்டுகளும் வீடே அந்த வலியோடு காலம் தள்ள நேரிடும்.

என் தங்கை மகனுக்கு அப்படித்தான் ஆனது. பகலெல்லாம் ஓடியாடும் பிள்ளை, இரவில் படுத்த சிறிது நேரத்தில் கன்னத்தைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்குவான். படுக்கும்போது தலைப்பக்கம் இரத்த ஓட்டம் கூடுவதால் பல்லுக்குள் நரம்பு ஓடும் மென்பகுதியான பற்கூழ் வீங்கி, அதில் அழுத்தம் ஏறி வலி மிகும் என்பதால், அவனைத் தோளில் சாய்த்தபடி அவள் கூடத்திலேயே நடந்துகொண்டிருப்பாள். கிராம்பு வைத்துப் பார்த்தார்கள். சோற்றைக் குழைத்துக் கொடுத்தால் மட்டுமே விழுங்கினான். துணிக்கடையில் வேலை பார்க்கும் அவளுக்கு, போகாத நாட்களின் சம்பளம் பிடிக்கப்பட்டது. வேர் சிகிச்சைக்கும் பல்லுக்கு மாட்டிய கேப்புக்கும் ஆன செலவு தனி.

2007-இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் உருவான ‘ஈகோஹிஸ்’ என்ற வினாத்தாள், சிறு குழந்தைகளின் பல் நோய் தரும் பாதிப்பை 13 கேள்விகளால் அளக்கிறது. அவற்றில் 4 கேள்விகள் குடும்பத்துக்கானவை: பெற்றோரின் மனவருத்தம், குற்றவுணர்வு, வேலை இழப்பு, பணச்சுமை. குற்றவுணர்வுக்குத் தனிக் கேள்வி வைத்தது மிகச் சரி என்பேன். “மிட்டாய் கொடுத்துக் கெடுத்துவிட்டாயா?” என்று உறவினர்கள் தாயிடம்தான் கேட்கிறார்கள், தகப்பனிடம் எவரும் கேட்பதில்லை. உறக்கத்தில் உமிழ்நீர் குறைவதால் சர்க்கரை சேர்த்த பாட்டில் பால் பல்லிலேயே தங்கி அரிக்கும் என்பதைப் பிரசவ வார்டிலோ தடுப்பூசி போடும் இடத்திலோ அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை. பழிச்சொல்லுக்கு அஞ்சும் தாய், மருத்துவரிடம் போவதையும் தள்ளிப்போடுகிறாள். அதற்குள் சொத்தை வேர்வரை இறங்கிவிடுகிறது.

தொடக்கத்திலேயே கண்டுகொள்வது கடினமன்று. குழந்தையின் மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தால், முன்பற்களில் ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைக் கோடு தெரியும். அந்த நிலையில் மருத்துவர் ஃபுளோரைடு பூசினால், குழி விழாமலேயே பல்லைக் காப்பாற்ற வாய்ப்புண்டு. முதல் பிறந்தநாளுக்குள் ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டுங்கள். தாயோடு தகப்பனும் உடன் போகட்டும்.