ஹொந்த மாலு

"ஹொந்த மாலு மாத்தயா, விடியப் புடிச்ச பாரை."

இன்று காலை கல்முனைச் சந்தையில் மீன்கார நானா 'நல்ல மீன் ஐயா' என்பதைச் சிங்களத்தில் இப்படிச் சொல்ல, அம்பாறைப் பக்கமிருந்து வந்த சிங்கள ஐயா செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "நானா, சின்ன சின்ன வெட்டி தா" என்றார்.

நானாவின் சிங்களத்தில் பாதி தமிழ். ஐயாவின் தமிழில் மரியாதை விகுதியைக் காணவில்லை.

ஒருவரை ஒருவர் திருத்தவே இல்லை.

எனக்கு வொலாபூக் ஞாபகம் வந்தது (மீன் வாங்கப் போன இடத்தில் இது தேவையா என்று வீட்டில் கேட்பார்கள்). ஷ்லையர் என்ற ஜெர்மன் பாதிரியார் உலகத்துக்கெல்லாம் பொதுவாக இருக்கட்டும் என்று 1880ஐ ஒட்டி உருவாக்கிய மொழி அது. 1889இல் பாரிஸ் மாநாட்டையே அந்த மொழியில் நடத்துமளவுக்கு வேகமாக வளர்ந்தது. அப்புறம் பேசுகிறவர்கள் இதைக் கொஞ்சம் இலகுவாக்குவோமே என்று கேட்க, கடைசி முடிவு என்னுடையதுதான் என்று அவர் நிற்க, ஆளுக்கொரு பக்கம் பிரிந்து, சில வருடங்களில் ஆட்டம் முடிந்தது.

1887இல் அதே நோக்கத்தோடு எஸ்பெராண்டோ என்ற இன்னொரு மொழியை வெளியிட்ட ஸாமென்ஹோப் 16 இலக்கண விதிகளைக் கொடுத்துவிட்டு, மொழியின் உரிமை தனக்கு வேண்டாம் என்று விலகிக்கொண்டார். 1907இல் அதைத் திருத்தி 'இடோ' என்று இன்னொன்று வந்தபோதும் பெரும்பாலானோர் பழையதை விடவில்லை. எஸ்பெராண்டோ உலக மொழியாகவில்லைதான், ஆனால் இன்றும் அதில் சண்டை பிடிக்கிறார்கள், காதலிக்கிறார்கள், பிள்ளை வளர்க்கிறார்கள். எனக்கு அது போதும்.

"என்ன தம்பி, சும்மா நிண்டு பாக்கிறீங்க?" என்றார் நானா.

அரைக் கிலோ சூடை மீன் வாங்கிக்கொண்டு வந்தேன்.