கால்சிசின் ஸ்லைடு வந்தால்: எம்.எஸ்சி. தாவரவியல் பிராக்டிகல் அனுபவம்

ரிசல்ட் வந்துவிட்டது. பயந்துகொண்டிருந்த செல்லியல் பிராக்டிகலில்தான் எனக்கு மதிப்பெண் அதிகம். செல் பிரிதலைப் பாதியில் நிறுத்தும் கால்சிசின் என்ற ரசாயனத்தில் வைத்த வெங்காய வேரின் ஸ்லைடு பற்றி ஜூனியர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் சூட்டோடு சூடாக எழுதிவிடுகிறேன். வேர் நுனியை நசுக்கி ஸ்லைடு தயாரிக்கும் ஸ்குவாஷ் செய்முறை ரெக்கார்டிலேயே இருக்கிறது, அதை விட்டுவிடுவோம்.

முதலில் கண்ட்ரோல் ஸ்லைடு, அதாவது கால்சிசின் படாத வேரின் ஸ்லைடு. நேரம் போதாது என்று பலரும் அதைத்தான் தள்ளிப்போடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். சாதாரண வெங்காய வேரில் செல் பிரிதலின் மெட்டாஃபேஸ் நிலையில் குரோமோசோம்கள் செல்லின் நடுவே வரிசைகட்டி நிற்கும். தேடினால் பக்கத்திலேயே, அவை இரு பக்கமும் பிரிந்து போகும் அனாஃபேஸும் கிடைக்கும். கால்சிசின் ஸ்லைடில் கதை வேறு. கால்சிசின் டியூபுலின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்வதால், குரோமோசோம்களை இழுக்கும் கதிர் இழைகள் உருவாவதில்லை. இழுக்க ஆளில்லாமல் 16 குரோமோசோம்களும் சிதறிக் கிடக்கும். 40எக்ஸில் ஃபைன் அட்ஜஸ்ட்மென்ட்டை மெல்லத் திருப்புங்கள்: ஒவ்வொரு குரோமோசோமிலும் இரண்டு குரோமாட்டிட்கள் (இரட்டைப் பிரதிகள்) சென்ட்ரோமியர் என்ற இணைப்பில் மட்டும் ஒட்டிக்கொண்டு, கைகளை விரித்தபடி தெரியும். கண்ணில் பட்டதை அப்படியே வரையுங்கள், புத்தகப் படம் வேண்டாம்.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) எக்ஸ்டர்னல், அதாவது வெளித்தேர்வாளர், கேட்டார்: "மைட்டாட்டிக் இண்டெக்ஸ் (எண்ணிய செல்களில் பிரிந்துகொண்டிருப்பவற்றின் விகிதம்) கண்ட்ரோலைவிடக் கூடியிருக்கிறதே, அப்போ கால்சிசின் செல் பிரிதலைத் தூண்டுகிறதா?" இங்கே தலையாட்டினால் போச்சு. பிரியத் தொடங்கிய செல்கள் மெட்டாஃபேஸிலேயே மாட்டிக்கொள்கின்றன. பின்னால் வருபவையும் அங்கேயே சேருகின்றன. அதனால்தான் எண்ணிக்கை ஏறுகிறது. அனாஃபேஸ் கண்ட்ரோலில் இருக்கிறது, இங்கே காணோம் என்று காட்டினால் பதில் முடிந்தது. ஆகவே ஒவ்வொரு நிலையையும் தனித்தனியே எண்ணி அட்டவணை போடுங்கள். இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

அப்புறம்:

- நுனியில் ஓரிரு மில்லிமீட்டர் போதும்.
- ஃபில்டர் பேப்பர் வைத்துக் கட்டைவிரலால் நேராக அழுத்துங்கள். கவர் ஸ்லிப் நகர்ந்தால் செல்கள் சுருண்டுவிடும்.
- 10எக்ஸில் ஸ்லைடு முழுக்கத் தேடிவிட்டுத்தான் 40எக்ஸ். என்னைப் போல நிதானமானவர்களுக்கு இது ஒத்துவரும்.
- கால்சிசின் கொடிய விஷம், கையுறை கட்டாயம்.
- கால்சிசின் எந்தச் செடியிலிருந்து என்று கேட்டால் கால்சிகம் என்ற செடியோடு நிறுத்தாதீர்கள். நம் செங்காந்தளிலும் உண்டு. மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்காகவே அதை, கண்வலிக்கிழங்கு என்ற பெயரில், பயிரிடுகிறார்கள்.
- கால்சிசினால் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கலாம் என்று காட்டியது யார் என்று கேட்டால்: 1937, பிளேக்ஸ்லீ, ஏவரி.

வேரைக் கழுவி, மறுபடி தண்ணீரில் ஒரு நாளுக்கு மேல் வளரவிட்டிருந்தால் இப்படி இரட்டிப்பாகி 32 குரோமோசோம் உள்ள செல்லும் சிக்கலாம். சிக்கினால் பாயின்டரை அதன்மேல் வைத்துவிட்டு எக்ஸ்டர்னலைக் கூப்பிடுங்கள்.