ஏர்போர்ட் பக்கத்துல ரூம் போடுறவங்களுக்கு

சென்னை ஏர்போர்ட் பக்கத்துல ரூம் எங்கடா போடலாம்னு சித்தப்பா பையன் கேட்டான், ஹோட்டல் எத்தன கிலோமீட்டர்னு பாக்காத, எந்த ஸ்டேஷன் பக்கத்துலன்னு பாருன்னேன். மெட்ரோ 2016லேர்ந்தே ஏர்போர்ட்லருந்து ஓடுது, மீனம்பாக்கம், நங்கநல்லூர் ரோடு, ஆலந்தூர், அடுத்து கிண்டி, அதனால கிண்டில ரூம்னா நேரா போய் எறங்கிக்கலாம், வடபழனி கோயம்பேடுன்னா ஆலந்தூர்ல க்ரீன் லைனுக்கு மாறணும் அவ்ளோதான்.

ஆனா பல்லாவரம், குரோம்பேட்டை பக்கம் சீப்பா ரூம் கெடைக்குதுன்னு போட்டுட்டு மெட்ரோவ தேடாதீங்க, அது அந்தப் பக்கம் போறதில்ல. ஏர்போர்ட் முன்னாடி போற ஜிஎஸ்டி ரோட்ட தாண்டுனா எதிர்ல திரிசூலம் ஸ்டேஷன் இருக்கு, எலக்ட்ரிக் ட்ரெய்ன், அடுத்த ஸ்டேஷனே பல்லாவரம், டிக்கெட் வெறும் 5 ரூபா. (ஏர்போர்ட் காபி வெலைக்கு ஒரு மாசம் போய் வரலாம் போல)

ஒண்ணு மட்டும், ரெண்டு பெரிய பெட்டியோட காலைல எட்டு ஒம்பது மணிக்கு பீச் ஸ்டேஷன் போற எலக்ட்ரிக் ட்ரெய்ன்ல ஏறிடாதீங்க, வாசல்ல நிக்கிறவங்க மொறைக்கிற மொறைல பெட்டியே உருகிடும். அப்புறம் மெட்ரோ ராத்திரி 11 மணி வாக்குல முடிஞ்சிடும், மறுபடி விடிகாலை 5க்குதான். நடுராத்திரி எறங்குறவங்க ரூம் போடும்போதே பிக்கப் உண்டான்னு ஹோட்டல்ல கேட்டு வச்சுக்கோங்க.